எத்தனை உயிரோட இருந்துச்சு?

சித்தப்பா ராசிபுரம் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். ஒரே ஷெட், ஐயாயிரம் கோழி. நாமக்கல் கணக்கில் இதையெல்லாம் பண்ணை என்றே சொல்லமாட்டார்கள். நான் சூரமங்கலத்தில், ஜங்ஷனில் ரயில் கூவினால் வீட்டுக்குள் கேட்கிற தூரத்தில் வளர்ந்தவன். பள்ளி லீவு விட்டால் பஸ் ஏறி அங்கே போய்விடுவேன். கோழி எச்சத்தின் நெடி இரண்டு நாளில் பழகிவிடும், மூன்றாம் நாள் வீட்டுக்குத் திரும்பினால் அம்மா வாசலிலேயே நிறுத்திக் குளிக்கச் சொல்வார்.

நான் மைக்ரோபயாலஜி இரண்டாம் வருஷம் படித்தபோது, ஒரு பங்குனியில், அந்த ஷெட்டுக்குள் ராணிக்கெட் நுழைந்தது. எங்கள் பக்கம் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள். முதலில் முட்டை குறைந்தது. பிறகு தோல்முட்டையாக விழுந்தது. அப்புறம் கழுத்து திருகிக்கொண்டு, கால் இழுத்துக்கொண்டு, கூண்டுக்குள் தலைகீழாகப் பார்த்தபடி கோழிகள் நின்றன. பத்தே நாளில் பாதிக்கு மேல் போய்விட்டது. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

சித்தப்பா தடுப்பு மருந்து கொடுக்காமல் இல்லை. நாள் தவறாமல் கொடுத்திருந்தார். மருந்து வாங்கிய இடத்தில் போய்க் கேட்டதற்கு, "நீங்க ஐஸ்ல கொண்டுபோனீங்களா?" என்று அவரையே திருப்பிக் கேட்டார்கள். அன்று சாயந்திரம் காலி பாட்டிலை என் கையில் கொடுத்தார். ஒரு டோஸில் குறைந்தது 10 லட்சம் ஈ.ஐ.டி. 50 என்று லேபிளில் போட்டிருந்தது.

"பத்து லட்சம்னு போட்டிருக்கான். கண்ணுக்கே தெரியாததை எவன் கண்ணு எண்ணுனான்? சரி, அவன் எண்ணும்போது இருந்துச்சுன்னே வெச்சுக்கலாம். நான் ஊத்தும்போது எத்தனை உயிரோட இருந்துச்சு?"

"லேப்ல எண்ணுவாங்க சித்தப்பா" என்று சொல்லித் தப்பித்தேன். செமஸ்டர் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு மறந்த பாடம் அது. அதன் பின்னாலிருக்கும் கதையை ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன்.

கதை 1917இல், பாரிஸில், முதல் உலகப்போருக்கு நடுவே தொடங்குகிறது. பாஸ்டர் நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் டெரெல் என்றொருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். முறையான பட்டம் இல்லாத ஆள். தானாகப் படித்து, உலகம் சுற்றி, எல்லோருடனும் சண்டை போட்டவர். சீதபேதியிலிருந்து தேறிவந்த நோயாளிகளின் மலத்தை வடிகட்டி, அந்த வடிநீரைச் சீதபேதிப் பாக்டீரியாவோடு கலந்து, அகர் தட்டில் பரப்பினார். தட்டு முழுக்கப் பாக்டீரியா மெல்லிய பாலாடை மாதிரிப் படரவேண்டும். படர்ந்தது. ஆனால் நடுநடுவே ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்ன வட்டங்களில் எதுவுமே வளரவில்லை.

நெல் வயலில் புகையான் விழுந்ததைப் பார்த்திருக்கிறீர்களா? பச்சை வயலுக்கு நடுவே வட்டம் வட்டமாகக் கருகிக் கிடக்கும். வரப்பில் நிற்கிறவருக்குப் பூச்சி தெரியாது, வட்டம் தெரியும். எத்தனை இடத்தில் பிடித்திருக்கிறது என்று வட்டத்தை வைத்தே சொல்லிவிடலாம். டெரெல் செய்ததும் அதுதான். பாக்டீரியாவைத் தின்கிற ஏதோ ஒன்று ஓர் இடத்தில் விழுந்து, பெருகி, சுற்றியிருப்பதை அழித்துக்கொண்டே போகிறது. ஒரு வட்டம் என்றால் அது தொடங்கிய இடத்தில் ஒன்று விழுந்திருக்கிறது என்றார். அதற்கு பாக்டீரியோஃபேஜ் என்று பேர் வைத்தார். அந்த வட்டத்துக்கு வந்த பேர்தான் பிளாக். தமிழில் எழுதும்போது ரொம்பக் கவனமாக இருக்கவேண்டிய சொல். கொஞ்சம் பிசகினால் எலியும் பிணமுமாகப் பிளேக் வந்து நிற்கும். நான் ஓட்டை என்றே எழுதப்போகிறேன்.

வைரஸை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் யாரும் பார்ப்பதற்கு இருபது வருஷங்களுக்கு மேல் முந்தைய காலம் இது. வைரஸ் என்பது திரவமா, நஞ்சா, நொதியா, உயிரா என்று பெரிய பெரிய ஆட்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். நோபல் பரிசு வாங்கிய ஜூல் போர்டே டெரெலுக்கு எதிரணி. டெரெலின் கையில் இருந்த வலுவான சாட்சி இந்த எண்ணிக்கைதான். திரவமாக இருந்தால் நீர் சேர்க்கச் சேர்க்கத் தட்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கவேண்டும். அப்படி ஆகவில்லை. ஓட்டைகளின் எண்ணிக்கை குறைந்தது, ஒவ்வோர் ஓட்டையும் முழு ஓட்டையாகவே இருந்தது. அரை ஓட்டை என்று ஒன்று வரவே இல்லை. ஆக, அது துண்டு துண்டாக இருக்கிறது, எண்ணலாம்.

இரண்டு வருஷம் கழித்து, 1919இல், டெரெல் தன் ஃபேஜை முதலில் சோதித்துப் பார்த்த பிராணி எது தெரியுமா? கோழி. பிரான்ஸின் கிராமங்களில் கோழி டைஃபாய்டு பரவி மந்தை மந்தையாகச் செத்துக்கொண்டிருந்தது. இந்த வரலாற்றில் நான் எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒரு கோழி குறுக்கே ஓடுகிறது. வேண்டுமென்றே சேர்க்கவில்லை.

1927இல் டெரெல் இந்தியாவுக்கு வந்தார், காலராவுக்கு ஃபேஜ் கொடுத்துப் பார்க்க. பஞ்சாபில் கிராமத்துக் கிணறுகளில் ஃபேஜை ஊற்றினார்கள். (1896லேயே ஆக்ராவில் ஹேன்கின் என்ற ஆங்கிலேயர் கங்கை, யமுனைத் தண்ணீர் காலராக் கிருமியைக் கொல்கிறது, கொதிக்க வைத்தால் கொல்வதில்லை என்று எழுதியிருந்தார். அது ஃபேஜ்தான் என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.) கிணற்றில் ஊற்றியது எவ்வளவு, குடித்தவர் வயிற்றுக்குப் போனது எவ்வளவு என்கிற கேள்வி அப்போதே இருந்தது. சித்தப்பா கேட்டது ஒன்றும் புதுக் கேள்வி இல்லை.

அதே 1927இல், இமயமலையில், குமாவோன் பகுதியின் ராணுவ ஊரான ராணிக்கெட்டில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. முக்தேசரில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் எட்வர்ட்ஸ் அதைப் பதிவு செய்தார். ஒரு வருஷம் முன்புதான் இங்கிலாந்தின் நியூகாசிலில் டாயில் என்பவரும், ஜாவாவில் கிரானவெல்டும் இதே மாதிரிச் சாவுகளைப் பார்த்திருந்தார்கள். உலகம் அதை நியூகாசில் நோய் என்றது. நாம் ராணிக்கெட் என்றோம், இன்னமும் அப்படித்தான் சொல்கிறோம். ராணியின் வயல் என்று அர்த்தம் வருகிற அழகான ஊர்ப்பேர். அதைச் சொன்னாலே எங்கள் பக்கம் பண்ணைக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

தடுப்பு மருந்தும் சீக்கிரமே வந்தது. 1940இல் எஸ். ஜி. ஐயரும் டாப்சனும் இங்கிலாந்தில் இந்த வைரஸைக் கருமுட்டையில் மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்துக் காட்டினார்கள். 1946இல் முக்தேசரில் ஹாடோவும் இத்னானியும் செய்த வேலையில் இந்தியாவின் சொந்த மருந்து வந்தது. வளர்ந்த கோழிக்கு ஊசியாகப் போடுகிறார்களே, ஆர்2பி, அது இந்த வம்சம். குஞ்சுக்குக் கண்ணிலும் மூக்கிலும் விடுகிற எஃப் வகையும், தண்ணீரில் கலந்து கொடுக்கிற லசோட்டாவும் வேறு வம்சம். லசோட்டா என்பது அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பண்ணைக்காரரின் குடும்பப் பேர். அவருடைய கோழிகளிலிருந்து எடுத்த சாதுவான வைரஸ் இன்று நாமக்கல் ஷெட்டுகளில் தண்ணீர்க் குழாய் வழியாக ஓடுகிறது.

மருந்து இருந்தது, சரி. அதில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று துல்லியமாக எண்ணும் வழி? பாக்டீரியாவைத் தின்கிற ஃபேஜை எண்ண டெரெலின் தட்டு போதும். கோழியைக் கொல்கிற வைரஸ் பாக்டீரியாவில் வளராது, அதற்கு விலங்கின் உயிரணு வேண்டும். அதை எப்படிப் பாலாடை மாதிரிப் பரப்புவது?

இங்கேதான் ரெனாட்டோ டல்பெக்கோ வருகிறார். இத்தாலிக்காரர், டாக்டருக்குப் படித்தவர், போரில் ரஷ்ய முனைக்குப் போய்த் திரும்பியவர். 1950 வாக்கில் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில், ஃபேஜ் ஆராய்ச்சியின் பெரிய தலையான மாக்ஸ் டெல்ப்ரூக்கிடம் இருந்தார். அக்கி நோயால் அவதிப்பட்ட ஒரு பணக்காரர், விலங்கு வைரஸ்களை ஆராயுங்கள் என்று கால்டெக்குக்கு நன்கொடை கொடுத்தார். டெல்ப்ரூக் அந்த வேலையை டல்பெக்கோவின் தலையில் கட்டினார். அக்கி வந்த ஒருவரின் எரிச்சலிலிருந்து இவ்வளவு கிளம்பியிருக்கிறது.

டல்பெக்கோ எடுத்தது கோழிக் கரு. அதை நறுக்கி, டிரிப்சின் நொதியில் ஊறவைத்து, உயிரணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கண்ணாடித் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரவ விட்டார். மேலே வைரஸ் கலந்த துளியை விட்டு, ஒட்டிக்கொள்ள நேரம் கொடுத்தார். அதற்குமேல் செய்ததுதான் விஷயம். சத்து கலந்த இளஞ்சூட்டு அகரை மேலே ஊற்றி உறைய விட்டார். திரவமாகவே விட்டிருந்தால் ஓர் அணுவில் பெருகிய வைரஸ் தட்டு முழுக்க நீந்திப்போய் எல்லாவற்றையும் அழித்துவிடும். எண்ண ஒன்றும் மிஞ்சாது. அகர் இருந்தால் அதனால் தூரம் போகமுடியாது. பக்கத்து வீட்டுக்கு மட்டும்தான் போகும். அங்கிருந்து அடுத்த வீடு. சில நாளில் வட்டமாக ஓட்டை. உயிருள்ள அணுக்கள் ஏற்கும் சிவப்புச் சாயத்தை ஊற்றினால் தட்டு சிவக்கும், செத்த இடம் மட்டும் வெளிறித் தெரியும்.

1952இல் வந்த கட்டுரையில் இரண்டு வைரஸ்கள். ஒன்று குதிரைகளுக்கு மூளைக்காய்ச்சல் தருவது. இன்னொன்று நியூகாசில், நம்ம ராணிக்கெட்! விலங்கு வைரஸை முதன்முதலாக ஒவ்வொன்றாக எண்ணிய தட்டில், கோழியின் அணுக்கள்மேல் கோழியின் எமன் உட்கார்ந்திருந்தது. கட்டுரையைத் தேடிப் பிடித்து இந்த இடத்துக்கு வந்தபோது எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எண்ணும் முறை எளிது. ஒரு துளியில் கோடிக்கணக்கில் இருந்தால் ஓட்டைகள் ஒன்றோடொன்று கலந்து தட்டே காலியாகிவிடும். அதனால் பத்தில் ஒன்றாக நீர்க்கவைத்துக்கொண்டே போவார்கள். ஆறு முறை நீர்த்தால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதில் 0.1 மில்லியை விட்டு 47 ஓட்டை வந்தால், மூலத்தில் ஒரு மில்லிக்கு 47 கோடி.

ஒரே ஒரு வைரஸ் ஓர் ஓட்டை போடுகிறது என்று எப்படி நம்புவது? இரண்டு சேர்ந்தால்தான் ஓட்டை என்று ஏன் இருக்கக்கூடாது? இதற்கு டல்பெக்கோ சொன்ன பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்று போதும் என்றால், சரக்கைப் பாதியாக நீர்த்தால் ஓட்டையும் பாதியாகும். இரண்டு வேண்டும் என்றால், இரண்டும் ஒரே அணுவில் விழும் வாய்ப்பு பாதியில் பாதி, ஆகவே ஓட்டை கால்வாசியாகும். நீர்த்துப் பார்த்தார். கோடு நேராக வந்தது, ஒன்று போதும்.

அந்த ஓர் ஓட்டையை நோண்டி எடுத்து வளர்த்தால் ஒற்றைத் தாயின் பிள்ளைகள் கிடைப்பார்கள். 1954இல் டல்பெக்கோவும் மார்கரேட் வோக்ட்டும் போலியோவுக்கு இதைச் செய்தார்கள். வீரியம் குறைந்த போலியோ வைரஸைப் பொறுக்கி எடுத்து சொட்டு மருந்து செய்ய இந்த வேலை வழி திறந்தது. 1958இல் அவர் ஆய்வகத்தில் ஹாரி ரூபினும் ஹோவர்ட் டெமினும் கோழிக்குப் புற்று தரும் வைரஸை எண்ணினார்கள். அதில் ஓட்டைக்குப் பதிலாக முண்டும் முடிச்சுமாகக் குவியல்கள் வந்தன. அதுவும் கோழி அணுதான். 1975இல் டல்பெக்கோ, டெமின், பால்டிமோர் மூவருக்கும் நோபல்.

இந்த எண்ணிக்கை எல்லா வைரஸையும் எண்ணுவதில்லை. மைக்ராஸ்கோப்பில் போலியோ வைரஸ் உருண்டைகளை எண்ணினால், ஓர் ஓட்டைக்கு முப்பதிலிருந்து ஆயிரம் உருண்டைவரை இருக்கும். மற்றவை பழுதாகவோ, நுழைய முடியாமலோ, வழியில் செத்தோ போனவை. ஓட்டை போடுவதை மட்டும்தான் தட்டு கணக்கில் எடுக்கும். இதற்கு நேர்மாறான முறை ஒன்று உண்டு. 1941இல் ஜார்ஜ் ஹெர்ஸ்ட் கண்டது: கோழியின் ரத்தச் சிவப்பணுக்களோடு ஃப்ளூ வைரஸைக் கலந்தால் அணுக்கள் ஒன்றோடொன்று பின்னி வலையாகப் படரும். ராணிக்கெட் வைரஸும் இதைச் செய்யும். ஒரு மணி நேரத்தில் விடை வந்துவிடும், செலவு கம்மி. ஆனால் ஃபார்மலின் போட்டுக் கொன்ற வைரஸும் அணுக்களைப் பின்னும். செத்ததும் உயிருள்ளதும் அதற்கு ஒன்றுதான். சித்தப்பாவின் கேள்விக்கு அந்த முறை பதில் சொல்லாது.

அப்படியானால் லசோட்டா பாட்டிலைத் திறந்து தட்டில் ஓட்டை எண்ணிவிடலாமே? நானும் அப்படித்தான் நினைத்தேன். லசோட்டா கோழி அணுத் தட்டில் ஓட்டை போடாது.

1968இல் ஷ்லோயரும் ஹான்சனும் ராணிக்கெட் வைரஸின் 14 வகைகளைத் தட்டில் வளர்த்து, ஓட்டையின் அளவையும் வீரியத்தையும் ஒப்பிட்டார்கள். கோழியைக் கொல்கிறவை ஓட்டை போட்டன. சாதுவானவை வெறும் தட்டில் போடவில்லை. காரணம் 1976இல் ஜெர்மனியின் கீசனில் நகாய், கிளெங்க், ராட் மூவரின் வேலையில் தெளிவானது. வைரஸின் மேலுறையில் அணுவுக்குள் நுழைய உதவும் ஒரு புரதம் இருக்கிறது. அது இரண்டாக வெட்டுப்பட்டால்தான் வேலை செய்யும். கொடிய வகையின் வெட்டுமிடத்தை எந்த அணுவிலும் இருக்கிற கத்தி வெட்டிவிடும். சாது வகைக்கு டிரிப்சின் போன்ற கத்தி வேண்டும். அது கோழியின் மூச்சுப்பாதையிலும் குடலிலும்தான் உண்டு. அதனால்தான் லசோட்டா அங்கேயே தங்கி, லேசான சளியோடு எதிர்ப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறது. மூளைக்கும் ஈரலுக்கும் போவதில்லை. எது ஓட்டை போடாமல் தடுக்கிறதோ அதுவேதான் அதை மருந்தாக்குகிறது. தட்டில் டிரிப்சினைக் கலந்தால் லசோட்டாவும் ஓட்டை போடும், ஆனால் மருந்தை எண்ண வழக்கமாகப் போகிற வழி அது இல்லை.

வழக்கமான வழி முட்டை. கருமுட்டைக்குள் கருவைச் சுற்றிய நீர்ப்பையில் அந்தக் கத்தி இயல்பாகவே இருக்கிறது. பத்து நாள் கரு வளர்ந்த முட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்து, ரத்தக்குழாய் இல்லாத இடமாக ஓட்டில் துளையிட்டு, நீர்த்த மருந்தைச் செலுத்தி, மெழுகால் அடைப்பார்கள். ஒவ்வொரு நீர்த்தலுக்கும் ஐந்து முட்டை என்று வையுங்கள். சில நாள் கழித்து நீரை எடுத்துச் சிவப்பணுவோடு கலந்தால், அணுக்கள் அடியில் பொட்டாக நின்றால் வைரஸ் இல்லை, வலையாகப் படர்ந்தால் இருக்கிறது. இங்கே அந்த மலிவு முறை பயன்படுகிறது. முட்டைக்குள் பெருகியதா இல்லையா என்று மட்டும் அதைக் கேட்கிறோம், பெருகவேண்டுமானால் உள்ளே போனது உயிரோடு இருந்திருக்கவேண்டும். பாதி முட்டைகளில் மட்டும் பிடிக்கிற நீர்த்தல் எது என்று ரீட், மூஞ்ச் இருவரும் 1938இல் சொன்ன கணக்கு முறையில் கண்டுபிடிப்பார்கள். பாட்டிலில் இருந்த ஈ.ஐ.டி. 50 அதுதான். பத்து லட்சம் என்பது யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணியதல்ல. பாதி முட்டையைத் தொற்றவைக்கிற அளவை ஓர் அலகாக வைத்தால் அப்படிப் பத்து லட்சம் அலகு. ஓட்டைக் கணக்கில் ஓர் அலகு சுமார் 0.69.

நாமக்கல்லிலிருந்து லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிற முட்டையில் ஒன்றைக்கூட இதற்குப் பயன்படுத்த முடியாது. சேவலே இல்லாத ஷெட்டில் இட்ட முட்டை, கரு கிடையாது. வைரஸை எண்ணுவதற்கென்று நோய் அண்டாத தனி மந்தைகளை அடைத்து வளர்த்து அந்த முட்டையை எடுக்கிறார்கள். அந்த முட்டையின் விலையைச் சித்தப்பாவிடம் நான் சொல்லவில்லை.

ஆக, பாட்டிலில் போட்டது பொய் இல்லை. அது கம்பெனியில் எண்ணிய நாளின் கணக்கு. உறைய வைத்து உலர்த்திய அந்தத் தூளை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைத்திருந்தால் காலாவதி நாள்வரை பெரும்பாலும் தாங்கும். கரண்ட் போன ஃப்ரிட்ஜ், பங்குனி வெயிலில் பஸ் என்ஜின் பக்கத்து சீட், டேங்கில் முந்தின நாள் போட்ட குளோரினின் மிச்சம், இப்படி ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை விழும். விழுகிற வேகமும் கூட்டல் கழித்தல் கணக்கில் இல்லை, பத்தில் ஒன்று, அதில் பத்தில் ஒன்று என்று போகும். பத்து லட்சம் ஆயிரமாவதற்கு மூன்றே படி. பாட்டிலின் நிறமோ தூளோ மாறாது. பண்ணைக்காரர் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதனால்தான் "ஐஸ்ல கொண்டுபோனீங்களா?" என்ற கேள்வி எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது. அவர் ஐஸில்தான் கொண்டுபோனார். அவர் கைக்கு வருவதற்கு முன்னால் அது எங்கெல்லாம் இருந்தது என்று அவர் யாரிடம் கேட்பார்?

போன மாதம் பண்ணைக்குப் போயிருந்தேன். லசோட்டா கொடுக்கும் நாள். விடிகாலை நாலரை மணி. முந்தின இரவே குழாயை நிறுத்தி, கோழிகளுக்குத் தாகம் ஏற விட்டிருந்தார். குளோரின் நிறுத்தி இரண்டு நாளாயிற்று. தெர்மாகோல் பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்து, தண்ணீருக்குள் மூடியை அமுக்கியே திறந்தார். லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்கில் ஸ்கிம்ட் மில்க் பவுடர், தண்ணீரில் மிச்சமிருக்கிற குளோரினைப் பால் வாங்கிக்கொள்ளும் என்பதற்காக. கூடவே நீலச் சாயம். இரண்டு மணி நேரத்துக்குள் எல்லாம் குடித்து முடிக்கவேண்டும்.

உள்ளங்கையில் கொஞ்சம் நீலத் தண்ணீரை ஏந்திக்கொண்டு, "இப்ப இதுல எத்தனை இருக்கும்?" என்றார். முட்டைக் கதையை அப்போதுதான் முழுசாகச் சொன்னேன். டல்பெக்கோவின் தட்டு, அகர், கத்தி, பாதி முட்டை எல்லாம். ஷெட்டுக்குள் நடந்துகொண்டே கேட்டார்.

"அப்ப என்னால எண்ண முடியாது."

"முடியாது சித்தப்பா."

ஒரு கூண்டில் கைவிட்டு ஒரு கோழியைப் பிடித்து, அலகைப் பிரித்து டார்ச் அடித்தார். நாக்கு நீலமாக இருந்தது. விட்டுவிட்டு நாலு கூண்டு தள்ளி இன்னொன்று. அது நீலம் இல்லை. குழாயின் நிப்பிளைத் தட்டிப் பார்த்தார், அடைத்திருந்தது. துணியால் துடைத்து, நீலத் துளி சொட்டும்வரை அங்கேயே நின்றார். இருபது கோழி பார்த்ததில் பதினேழு நீலம். சட்டைப் பையிலிருந்த குறிப்பு நோட்டில் தேதி போட்டு அதை எழுதிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்.